ஒரு பின்னத்தின் பூர்வீகம்

டிஸ்கி: இது வேதியியல் பதிவு. கடைசியில் பரீட்சை எல்லாம் கிடையாது. பயப்படாம வாங்க :-)

போன ஞாயித்துக்கிழமை மதியம், நல்லா சாப்பிட்டுட்டு ஒரு குட்டித் தூக்கம் போடலாம்னு சாய்ஞ்ச நேரத்துல சித்தி பையன்கிட்ட இருந்து போன். பிளஸ் ஒன் படிக்கிறான்.

"அண்ணா, சமநிலை மாறிலி எழுதத் தெரியுமா?"

"என்னடா இப்படிக் கேட்டுட்டே? மேலே வினைவிளை பொருள், கீழே வினைபடு பொருள். சமன்பாட்டுல முன்னாடி நிக்கிற நம்பரைத் தூக்கி அடுக்குல போடு. முடிஞ்சது மேட்டர்."

"அது எனக்கே தெரியும்ணா. சுண்ணாம்புக்கல்லைச் சூடு பண்ற கணக்குல, கீழே கால்சியம் கார்பனேட்டை எழுதிட்டேன். ரெண்டு மார்க் போச்சு. திண்மத்தை எழுதக்கூடாதாம். ஏன்ணா?"

"அது வந்து... ரூல்டா."

"மிஸ்ஸும் அதையேதான் சொன்னாங்க. சரி, எல்லாத்தையும் ஏன் பெருக்குறோம்? கூட்டினா என்ன? முன்னாடி இருக்கற நம்பர் ஏன் அடுக்குக்குப் போகுது?"

"சிக்னல் சரியில்லடா, அப்புறமா கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சிக்னல் நல்லாத்தான் இருந்தது.

பிளஸ் டூ வேதியியலில் 200க்கு 190க்கு மேல் வாங்கினவன் நான். அப்புறம் நாலு வருஷம் இன்ஜினியரிங், முதல் வருஷத்தில் அங்கேயும் வேதியியல். இந்தப் பின்னத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு கணக்கே இல்லை. ஆனா ஏன்னு ஒரு தடவைகூட கேட்டதில்லை. தூக்கம் போச்சு. இந்த வாரம் ஆபீசில் ஆணியும் கொஞ்சம் கம்மி. அதனால தேடித் தேடிப் படிச்சேன். அப்போதான் தெரிஞ்சது, இந்தப் பின்னத்தில் இருக்கிற ஒவ்வொரு சின்ன விஷயத்துக்குப் பின்னாடியும் ஒரு ஆள் நிக்கிறார். ஒருத்தர் விவாதத்தில் தோத்தார், இரண்டு பேரை யாருமே படிக்கவில்லை, ஒருத்தரோட ஆய்வுக்கூடம் வெடிச்சது. நமக்கு ரெண்டு மார்க் கேள்வியா வந்து நிக்கிற சமாசாரம் இது.

தம்பியோட கேள்விகளையே வரிசையா எடுத்துக்கறேன். அதுக்கும் முன்னாடி, அவன் கேட்க மறந்த ஒரு கேள்வி இருக்கு.

அளவு எதுக்கு உள்ளே வருது?

18ஆம் நூற்றாண்டு வேதியியல்காரர்கள் கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான் யோசிச்சாங்க. எந்தப் பொருளுக்கு எந்தப் பொருள் மேல் எவ்வளவு நாட்டம்னு பட்டியல் போட்டாங்க. 1718இல் ஜெஃப்ராய் என்கிற பிரெஞ்சுக்காரர் அப்படி ஒரு பட்டியல் வெளியிட்டார். பின்னாடி 1775இல் சுவீடனின் பெர்க்மன் அதை இன்னும் பெரிசாக்கினார். விதி ரொம்ப எளிமை. நாட்டம் அதிகம் உள்ளவன் வந்தால், குறைவானவன் இடத்தைக் காலி பண்ணணும். முழுசா. எவ்வளவு போட்டோம் என்பது ஒரு பொருட்டே இல்லை.

இதில் முதல் ஓட்டை விழுந்தது எகிப்தில். 1798இல் நெப்போலியன் எகிப்து மேல் படையெடுத்தபோது, கூடவே ஒரு பெரிய அறிஞர் கூட்டத்தையும் கப்பலில் ஏத்திக்கிட்டுப் போனார். அதில் ஒருத்தர் கிளாட் லூயி பெர்தோலே. குளோரினை வைத்துத் துணி வெளுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்.

நைல் டெல்டாவுக்கு மேற்கே வாடி நட்ரூன் என்று ஒரு பள்ளத்தாக்கு, அதில் உப்பு ஏரிகள். பழைய எகிப்தியர்கள் மம்மி பதப்படுத்த உப்பு எடுத்த இடம். அந்த ஏரிக்கரையில் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், பொருக்குப் பொருக்கா படிஞ்சு கிடந்ததைப் பெர்தோலே பார்த்தார். பார்த்தவர் குழம்பிப் போனார்.

ஏன்னா, அவர் ஆய்வுக்கூடத்தில் இது தலைகீழாத்தான் நடக்கும். சோடியம் கார்பனேட்டையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால் சுண்ணாம்பு வீழ்படிவா அடியில் தங்கும், சாதா உப்பு கரைசலில் நிற்கும். பட்டியல்படி அதுதான் சரியான ஜோடி. இங்கேயோ சுண்ணாம்புக்கல்லும் உப்பும் சேர்ந்து சோடாவாக மாறிக்கிட்டு இருக்கு. வண்டி ரிவர்ஸ் கியரில் போகுது!

வித்தியாசம் எங்கேன்னு யோசிச்சார். ஏரியில் உப்பு மலை மலையாக இருக்கு. உண்டாகிற சோடா மேலே பூத்து வெளியே வந்துடுது, கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுத்து மண்ணுக்குள் இறங்கிடுது. ஆக ஒரு வினை எந்தப் பக்கம் போகும் என்பது நாட்டத்தை மட்டும் பொறுத்ததில்லை, எவ்வளவு இருக்கு என்பதையும் பொறுத்தது. இதை 1803இல் பெரிய புத்தகமாவே எழுதினார்.

இதோட கதை சுபமா முடிஞ்சிருக்கணும். ஆனா பெர்தோலே ஒரு படி கூடவே போயிட்டார். அளவைப் பொறுத்து வினை மாறுதுன்னா, உண்டாகிற சேர்மத்தின் இயைபும் மாறும் என்று வாதாடினார். எதிரே ஜோசப் பிரௌஸ்ட். சேர்மம் என்றால் அதில் தனிமங்கள் எப்பவும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும் என்றவர். பல வருஷம் நடந்த விவாதம். அறிஞர்கள் சண்டைக்கு உதாரணமாச் சொல்லலாம், அவ்வளவு மரியாதையா நடந்துச்சாம். கடைசியில் பிரௌஸ்ட் ஜெயிச்சார். தோத்துப்போன வாதத்தோடு சேர்த்து, பெர்தோலே சொன்ன சரியான விஷயத்தையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுட்டாங்க. கிட்டத்தட்ட அம்பது வருஷம் அது அங்கேயே தூங்குச்சு.

நம்ம வேலையிலும் இதைப் பார்த்திருக்கேன். ஒருத்தர் மீட்டிங்கில் ஒரு தப்பான விஷயம் சொல்லி மாட்டிக்கிட்டா, அடுத்து அவர் சொல்ற சரியான விஷயத்தையும் யாரும் காதில் வாங்க மாட்டாங்க.

ஏன் பெருக்கல், ஏன் அடுக்கு?

அடுத்த நகர்வு 1862இல், பாரிசில். இந்தத் தடவை ஆள் பெயர் மார்சலின் பெர்த்தலோ. (முன்னாடி வந்தவர் பெர்தோலே, இவர் பெர்த்தலோ. ரெண்டு பேரும் வேற வேற. எனக்கே ரெண்டு நாள் ஆச்சு.) அவரும் பெயான் த செயின்ட் ஜில் என்பவரும் சேர்ந்து ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் கலந்து, எவ்வளவு எஸ்டர் உண்டாகுதுன்னு பொறுமையா அளந்தாங்க. ஒரு மோலுக்கு ஒரு மோல் போட்டால், சுமார் மூணில் ரெண்டு பங்கு மாறினதும் வினை நின்னுடுது. எத்தனை நாள் வெச்சிருந்தாலும் அதுக்கு மேல் நகராது. எதிர்ப்பக்கத்தில் இருந்து, எஸ்டரையும் தண்ணீரையும் கலந்து ஆரம்பிச்சாலும் வந்து நிக்கிற இடம் அதே இடம்.

இந்த எண்களைக் கையில் எடுத்தவங்கதான் நம்ம ஹீரோக்கள், காடோ குல்ட்பெர்க், பீட்டர் வாகே. பாடப்புத்தகத்தில் இந்த ரெண்டு பெயரையும் ஒரே மூச்சில் படிச்சிருப்போம். நான் ரொம்ப நாளா ஒரே ஆள்னுதான் நினைச்சிருந்தேன், ஹி ஹி.

ரெண்டு பேரும் நார்வேக்காரர்கள். வாகே வேதியியல், குல்ட்பெர்க் கணிதம். காலேஜ் நண்பர்கள். ஒரே வீட்டில் அக்கா தங்கையைக் கட்டிக்கிட்டு சகலைகள் ஆனாங்க. பின்னாடி வாகேவோட மனைவி இறந்துபோக, 1870இல் அவர் குல்ட்பெர்க்கோட சகோதரியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஆக சகலையும் அவரே, மச்சானும் அவரே. நம்ம ஊர் சொந்தக் கணக்கு தோத்துடும்.

1864 மார்ச் 15ஆம் தேதி, இப்போ ஓஸ்லோ என்று அழைக்கப்படும் கிறிஸ்டியானியா நகரத்தில், அந்த நாட்டு அறிவியல் கழகத்தில் தங்கள் கட்டுரையைப் படிச்சாங்க. சாராம்சம் இதுதான். வினையை முன்னாடி தள்ளுகிற விசை ஒண்ணு, பின்னாடி தள்ளுகிற விசை ஒண்ணு. ஒவ்வொரு விசையும் அந்தப் பக்கத்தில் இருக்கிற பொருள்களின் செறிவுகளின் பெருக்கலைப் பொறுத்தது. ரெண்டும் சமமா வர்ற இடத்தில் வினை நின்ன மாதிரி தெரியும். அந்தச் சமன்பாட்டைக் கொஞ்சம் புரட்டிப் போட்டா, தம்பி எழுதின பின்னம் வந்துடும்.

ஏன் பெருக்கல்? இதுக்கு எனக்குப் பிடிச்ச விளக்கம் பஸ் ஸ்டாண்டு விளக்கம். ரெண்டு பேர் தற்செயலா மோதிக்கணும்னா கூட்டம் இருக்கணும். ஒரு கூட்டம் ரெண்டு மடங்கானா மோதல் ரெண்டு மடங்கு. இன்னொரு கூட்டமும் ரெண்டு மடங்கானா மொத்தம் நாலு மடங்கு. கூட்டினா இந்த நாலு வராது, பெருக்கினாத்தான் வரும். அதோட, ஒரு கூட்டம் சுத்தமா இல்லைன்னா மோதலே கிடையாது. கூட்டினா பூஜ்யம் வராது, பெருக்கினா வரும்.

இப்போ பெர்த்தலோவின் எண்களைப் போட்டுப் பாருங்க.

கே = (எஸ்டர் × தண்ணீர்) ÷ (ஆல்கஹால் × அமிலம்)

மேலே மூணில் ரெண்டு பங்கு, மூணில் ரெண்டு பங்கு. கீழே மூணில் ஒரு பங்கு, மூணில் ஒரு பங்கு. வகுத்தா 4. இனி ஆல்கஹாலை மட்டும் 2 மோலாக்கினா எவ்வளவு அமிலம் மாறும்? அதே 4ஐ வைத்து இருபடிச் சமன்பாடு போட்டால் சுமார் 0.845 மோல்னு வருது. அளந்து பார்த்த எண்களும் இதை ஒட்டியே வந்தன. ஒரு தடவை அளந்தா போதும், மத்ததை எல்லாம் உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டுடலாம். மாறிலி என்ற வார்த்தையோட கனம் எனக்கு இங்கேதான் புரிஞ்சது.

(தண்ணீரை எழுதக்கூடாதுன்னு படிச்சோமேன்னு யாராவது கேட்கலாம். தண்ணீரே கரைப்பானா, கடல் மாதிரி நிறைஞ்சு இருக்கும்போதுதான் அதை விட்டுடறோம். லிட்டருக்கு 55 மோலுக்கு மேல் இருக்கிற தண்ணீரில் கொஞ்சம் கூடினா குறைஞ்சா தெரியாது. இங்கே தண்ணீர் கடல் இல்லை, வினையில் உண்டாகிற ஒரு சரக்கு. அதனால எழுதியே ஆகணும்.)

அடுத்தது அடுக்கு. இங்கேதான் எனக்கு ஒரு ஆறுதல் கிடைச்சது. குல்ட்பெர்க்கும் வாகேவும்கூட இதை முதல் தடவையே சரியாப் பிடிக்கவில்லை! 1864 வெர்ஷனில், அடுக்கு என்ன எண்ணா இருக்கணும்னு சோதனை செய்து கண்டுபிடிக்கணும்னு விட்டுட்டாங்க. 1867இல் வந்த ரெண்டாவது வெர்ஷனில், தொல்லையே வேண்டாம்னு எல்லா அடுக்கையும் 1 ஆக்கிட்டாங்க. 1879இல் வந்த மூணாவது வெர்ஷனில்தான், சமன்பாட்டில் முன்னாடி நிற்கிற எண்ணே அடுக்குக்குப் போகும் என்று வந்து நின்னாங்க. நடுவில் 15 வருஷம். நம்ம தம்பி ஒரு பீரியடில் மனப்பாடம் பண்ண விஷயம்.

காரணத்தைக் கேட்டா ரொம்ப எளிமையா இருக்கும். 2 அமோனியா என்றால் அமோனியா + அமோனியா. ரெண்டு பேர் வரணும், அதனால அதன் செறிவை ரெண்டு தடவை பெருக்கணும். அதுதான் வர்க்கம். 3 ஹைட்ரஜன் என்றால் மூணு தடவை, அதுதான் கனம். (உண்மையில் வினை பல படிகளில் நடக்கும், வேகத்துக்கான சமன்பாட்டில் அடுக்கு வேற மாதிரியும் வரலாம். ஆனா சமநிலைக்கு வந்த பிறகு இந்த அடுக்குகள் மாறாது. அதற்கான ஆற்றல் கணக்கை ஹார்ஸ்ட்மன், கிப்ஸ், வான்ட் ஹாஃப் போன்றவர்கள் தனியா நிறுவினாங்க.)

சரி, இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு. 1864இல் ஊரே கொண்டாடியிருக்குமே? ஒருத்தரும் கண்டுக்கல. காரணம், கட்டுரை நார்வே நாட்டு மொழியில் இருந்தது. 1867இல் பிரெஞ்சில் எழுதிப் பார்த்தாங்க. அதையும் ரொம்பப் பேர் படிக்கல. 1877இல் நெதர்லாந்தின் வான்ட் ஹாஃப் இவர்களைப் பத்தித் தெரியாமலே அதே விதியைத் தானாகக் கண்டுபிடிச்சு வெளியிட்டார். அப்புறம்தான் நம்ம ஆளுங்க 1879இல் ஜெர்மன் மொழியில், ஒரு பிரபல ஜெர்மன் இதழில், "இது நாங்க எப்பவோ சொன்னது" என்கிற தொனியில் எழுதினாங்க. வான்ட் ஹாஃப் நல்ல மனுஷன். அவங்கதான் முதல்னு ஒத்துக்கிட்டார். 1884இல் வந்த அவரோட புத்தகத்தில்தான் எதிரெதிரா போகிற ரெட்டை அம்புக்குறி புழக்கத்துக்கு வந்தது. 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசும் அவருக்குத்தான்.

யாரும் படிக்காத மொழியில் எழுதுறவனோட வலி எனக்கும் கொஞ்சம் தெரியும், விடுங்க :-)

திண்மத்தை ஏன் எழுதக்கூடாது?

தம்பியோட ரெண்டு மார்க் மேட்டருக்கு வருவோம்.

1867இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி டெப்ரே, கால்சியம் கார்பனேட்டை மூடின குழாயில் வைத்துச் சூடு பண்ணினார். உள்ளே கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு ஏறி நின்னுடுது. வெப்பநிலையை மாத்தினா அழுத்தம் மாறுது. ஆனா உள்ளே கல்லு கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் அழுத்தம் அதேதான்.

ஏன்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.7 கிராம். ஒரு மோல் 100 கிராம். அப்போ ஒரு லிட்டர் கல்லில் 27 மோல். ஒரு கூழாங்கல்லை எடுத்தாலும் லிட்டருக்கு 27 மோல், ஒரு மலையையே எடுத்தாலும் லிட்டருக்கு 27 மோல். நம்ம பின்னத்துக்கு வேண்டியது செறிவு, எடை இல்லை. திண்மத்தின் செறிவு மாறவே மாறாது. மாறாத எண்ணை ஏன் தனியா தூக்கிக்கிட்டு அலையணும்? மாறிலியோட மாறிலியா அதை உள்ளே போட்டுட்டாங்க. ஆக தம்பி எழுதின கால்சியம் கார்பனேட் எங்கேயும் காணாமப் போகல, கே என்ற எழுத்துக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. குல்ட்பெர்க்கும் வாகேவும் பேரியம் சல்பேட்டை வைத்துச் செய்த சோதனைகளில், கரையாத திண்மத்தின் பங்கை இப்படித்தான் மாறாத ஒண்ணா எடுத்துக்கிட்டாங்க.

மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு: கே = கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம். சுமார் 900 டிகிரி செல்சியசில் இது ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தொடும். சுண்ணாம்புக் காளவாயை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோறது ஏன், வாயு வெளியேற வழி விடறது ஏன் என்பதெல்லாம் இந்த ஒத்தை வரியில் அடங்கிடுது.

இதைத் தெரியாம இருந்ததுக்கு நிஜமாவே காசு போயிருக்கு. 19ஆம் நூற்றாண்டில் இரும்பு உருக்கும் ஊதுலைகளில் இருந்து நிறைய கார்பன் மோனாக்சைடு வீணா வெளியே வந்தது. தாதுவும் வாயுவும் போதுமான நேரம் சேர்ந்து இருக்கலைன்னு நினைச்சாங்க. அதனால உலையை உசரமாக் கட்டினாங்க. இங்கிலாந்தில் சுமார் 30 மீட்டர் வரைக்கும் போனாங்க. வீணாகிற வாயு குறையவே இல்லை.

பின்னாடி இந்தக் கதையை எழுதி வெச்சவர் ஹென்றி லெ ஷட்லியே, நாம படிச்ச அதே லெ ஷட்லியேதான். பின்னத்தை எழுதிப் பாருங்க. இரும்பு ஆக்சைடு திண்மம், இரும்பும் திண்மம், ரெண்டும் வெளியே. மிச்சம் மேலே கார்பன் டை ஆக்சைடு, கீழே கார்பன் மோனாக்சைடு, ரெண்டுக்கும் அடுக்கு 3. அதாவது இந்த ரெண்டு வாயுவுக்கும் உள்ள விகிதத்தை வெப்பநிலை மட்டும்தான் தீர்மானிக்கும். கொஞ்சம் மோனாக்சைடு மிச்சம் இருந்தே தீரும். உலையை வானம் வரைக்கும் கட்டினாலும் இதே கதைதான். சரியா ஒரு பின்னம் எழுதத் தெரிஞ்சிருந்தா அந்தச் செங்கல் எல்லாம் மிச்சம்.

ஒரு எண் தப்பாப் போனா?

கடைசிக் கதை. அடுக்கு எவ்வளவு முக்கியம்னு காட்டுறது.

20ஆம் நூற்றாண்டு தொடங்கினப்போ, விவசாயத்துக்கு வேண்டிய நைட்ரஜன் உரத்துக்கு ஐரோப்பா தென்னமெரிக்காவின் சிலி நாட்டு வெடியுப்பைப் பெரிதும் நம்பியிருந்தது. காத்தில் இருக்கிற நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அமோனியா பண்ணிட்டா அந்தக் கவலை விட்டுது. 1901இல் லெ ஷட்லியேவே முயற்சி பண்ணினார். அழுத்தம் கூடினா அமோனியா கூடும்னு அவரோட தத்துவமே சொல்லுதே. ஆனா வாயுவில் காத்து கலந்துபோய்க் கருவி பயங்கரமா வெடிச்சது. உதவியாளர் உயிர் தப்பினதே பெரிசு. அவர் கைவிட்டுட்டார். தன் வாழ்க்கையில் தான் செய்த மிகப்பெரிய தப்பு அதைக் கைவிட்டதுதான்னு கடைசிக் காலத்தில் வருத்தப்பட்டிருக்கார்.

அடுத்து வந்தவர் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹாபர். சாதாரண அழுத்தத்தில், 1000 டிகிரி பக்கத்தில் எவ்வளவு அமோனியா உண்டாகுதுன்னு அளந்து 1905இல் வெளியிட்டார். நூற்றுக்கு 0.01 என்ற அளவில் ஏதோ ஒண்ணு. இவ்வளவு துளியை அளக்கிறதே கஷ்டம். அதே நேரத்தில் பெர்லினில் வால்தர் நெர்ன்ஸ்ட், வெப்பத்தை மட்டும் வைத்தே சமநிலை மாறிலியைக் கணக்கிடும் வழியைக் கண்டுபிடிச்சிருந்தார். அவரோட கணக்கும் ஹாபரோட எண்ணும் ஒத்துப்போகல. 1907இல் ஹாம்பர்க்கில் நடந்த கூட்டத்தில், எல்லார் முன்னாடியும், ஹாபரின் எண் ரொம்பத் தப்பு என்று நெர்ன்ஸ்ட் போட்டு உடைச்சார்.

அவமானம். ஆனா அந்த அவமானம்தான் ஹாபரை மறுபடி ஆய்வுக்கூடத்துக்குள் தள்ளியது. ராபர்ட் லெ ரொசிஞோல் என்கிற கைதேர்ந்த உதவியாளரோடு சேர்ந்து, 30 மடங்கு அழுத்தத்தில் திரும்ப அளந்தார். உயர் அழுத்தக் கருவிகளோடு பழக்கம் வந்தது. இனி பின்னத்தைப் பாருங்க:

கே = (அமோனியா)² ÷ (நைட்ரஜன் × (ஹைட்ரஜன்)³)

எல்லா அழுத்தத்தையும் 200 மடங்கு ஏத்தினா என்ன ஆகும்? மேலே 200இன் வர்க்கம், 40,000. கீழே 200இன் நாலாம் அடுக்கு, 160 கோடி. பின்னம் 40,000 மடங்கு சின்னதாயிடும். ஆனா கே மாறக்கூடாது. அதைப் பழைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரே வழி, கீழே இருக்கிறது குறைஞ்சு மேலே அமோனியா கூடணும். 500 டிகிரியில், சாதாரண அழுத்தத்தில் நூற்றுக்கு 0.1 அளவுதான் அமோனியா. 200 மடங்கு அழுத்தத்தில் சுமார் 18. அடுக்கு எல்லாத்தையும் 1ன்னு போட்டிருந்தா, 1867 வெர்ஷன் மாதிரி, மேலே ஒண்ணு கீழே ரெண்டு, இந்தப் பாய்ச்சலோட அளவே தெரிஞ்சிருக்காது.

1909 ஜூலை 2ஆம் தேதி, கார்ல்ஸ்ரூ நகரத்தில், பாஸ்ஃப் கம்பெனி ஆட்கள் முன்னாடி ஹாபரின் கருவியில் அமோனியா சொட்டுச் சொட்டா விழுந்தது. கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தெடுத்தார். 1913இல் ஓப்பாவ் என்ற ஊரில் உற்பத்தி ஆரம்பம். இன்னிக்கு உலகத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேரோட சாப்பாடு இந்த வினையை நம்பி இருக்குன்னு மதிப்பிடறாங்க. நம்ம ஊர் வயலுக்குப் போடற யூரியா மூட்டையும் இந்த அமோனியாவில் இருந்து வந்ததுதான்.

அடுத்த வருஷமே உலகப்போர். சிலியில் இருந்து வெடியுப்பு வர்ற கடல்வழியைப் பிரிட்டன் அடைச்சது. அந்த அமோனியாவே வெடிமருந்துக்கும் போச்சு. ஹாபர் 1915இல் ஈப்ர போர்க்களத்தில் குளோரின் வாயுத் தாக்குதலை முன்னின்று நடத்தினார். சில நாளில் அவர் மனைவி கிளாரா, அவரும் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினவர், தற்கொலை செய்துக்கிட்டார். 1918க்கான நோபல் பரிசு ஹாபருக்குக் கிடைச்சது. 1933இல், யூதராகப் பிறந்தவர் என்பதால், அவர் அவ்வளவு உழைச்ச நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. அடுத்த ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தில் இறந்துபோனார். பின்னம் சோத்துக்கும் ஒண்ணுதான், குண்டுக்கும் ஒண்ணுதான். அதைக் கையில் வெச்சிருக்கிறவன் என்ன பண்றான் என்பதுக்கு அதில் அடுக்கும் இல்லை, மாறிலியும் இல்லை.

நேத்து ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். எகிப்து ஏரியில் ஆரம்பிச்சு, முக்கால் மணி நேரம் ஓட்டினேன். பாவம், பொறுமையாக் கேட்டான். கூழாங்கல், மலை, 27 மோல் கதைக்கு மட்டும் "ஓ..."ன்னு ஒரு சத்தம். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் ஒரு வாரம் உட்கார்ந்து படிச்சேன்னு நினைக்கிறேன். நான் படிச்ச காலத்தில் எனக்கு அந்த "ஓ" வரவே இல்லை. 190க்கு மேல் வந்துச்சு, அது வரல.

எங்க மிஸ், மாஸ்டர் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். போர்ஷன் முடிக்கணும், நாற்பது நிமிஷத்தில் நாற்பது பேர். ஆனா "ஏன்"னு கேட்ட பையன்கிட்ட "ரூல்"னு சொல்றப்போ, பதினைஞ்சு வருஷம் தடுமாறி அடுக்கைக் கண்டுபிடிச்ச சகலைகளை நாம அழிச்சுடறோம். தடுமாறினது தெரிஞ்சாத்தானே, தடுமாறுறது தப்பில்லைன்னு பையனுக்குத் தெரியும்?

கடைசியா அவன் கேட்டான்: "அப்போ நான் கால்சியம் கார்பனேட் எழுதினது முழுத் தப்பு இல்லதானேண்ணா? மிஸ்கிட்ட சொன்னா அந்த ரெண்டு மார்க் கிடைக்குமா?"

"கிடைக்காதுடா."

"ஏன்ணா?"

"ரூல்டா."

பி.கு: அடுத்து "வினையூக்கி போட்டா ஏன் கே மாறாது"ன்னு கேட்டிருக்கான். என் போனில் மறுபடி சிக்னல் பிரச்சினை.